காட்டுக்கு இரண்டு சட்டம்

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நியாயம்தான். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. சரணாலயத்துக்குள் வளைந்து போகும் காட்டுப் பாதை. யானை வந்தால் வழியை மூடிவிடுவார்கள். அதுவும் நியாயம். யானை சொன்னாலாவது கேட்கிறார்களே!

மலையேறும் வழியில் செக்போஸ்டில் பையைத் துழாவுகிறார்கள். குழந்தைக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டில் சிக்குகிறது. பிளாஸ்டிக்! ஏதோ குண்டைக் கண்டெடுத்ததுபோல் ஒரு பார்வை. இதே ஊரில்தான் 2001 வரை ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஓடியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேர்ந்தன. கொடைக்கானல் ஏரி மீனிலும் பாதரசம் இருந்ததை ஆய்வு காட்டிக்கொடுத்தது. அந்த மூட்டைகளை எந்த மகராசனும் துழாவவில்லை.

வழியில் பைன் காடு. எல்லோரும் இறங்கி செல்ஃபி எடுக்கிறார்கள். பைன் இந்த மண்ணின் மரமே இல்லை. வாட்டில் மரமும் அப்படித்தான். தோல் பதனிடப் பட்டை வேண்டும், எரிக்க விறகு வேண்டும் என்று புல்வெளியெங்கும் வாட்டிலை நட்டது வேறு யாருமல்ல, காட்டைக் காக்க வந்த துறையேதான். சோலைக்கு நீர் ஊட்டிய புல்வெளி போனது. இப்போது, அந்நிய மரங்களை அகற்று என்கிறது நீதிமன்றம். நட்டதும் நம் பணம். பிடுங்குவதும் நம் பணம். நட்டவருக்குப் பென்ஷனும் நம் பணம்.

சுற்றுலாக் கூட்டத்தைக் குறைக்க 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. கூட்டம் குறையவில்லை, வந்த கூட்டத்துக்கு ஒரு கணக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். 2025 கோடைக்கு உயர் நீதிமன்றமே உச்சவரம்பு வைத்தது: வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. ஒரு மலையூருக்கு ஒரே நாளில் ஆறாயிரம் வண்டி. இதற்குப் பெயர் கட்டுப்பாடு.

இனி வெள்ளகெவிக்கு வருவோம். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் பழைய ஊர். கொடைக்கானல் என்ற கோடை வாசஸ்தலம் உருவாவதற்கு முன்பிருந்தே அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாலை கேட்டார்கள். பிரசவ வலி வந்தால் டோலி. பாம்பு கடித்தால் டோலி. இரண்டு கம்பு, ஒரு போர்வை, நான்கு தோள், செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மழைநாளில் கால் வழுக்கினால் நோயாளியோடு சேர்த்துத் தூக்கியவனும் போவான். கேட்டபோதெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: அது வனப்பகுதி, சட்டம் இடம் கொடுக்காது.

பேரிஜத்துக்குப் போகும் தார் மட்டும் என்ன, ஆகாயத்திலா போட்டிருக்கிறது?

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைகளும் டோலியில்தான் மலையேறினார்கள். துரைகளுக்குத் தோள் வலிக்கவில்லை. ஆனாலும் மலையைக் குடைந்து ரோடு போட்டுக்கொண்டார்கள். தூக்கியவன் இன்னும் தூக்கிக்கொண்டிருந்தான். சுதந்திரம் வந்தது. ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பெட்டி மட்டும் தவறாமல் அந்த ஒற்றையடிப் பாதையில் வந்து போனது.

வெள்ளகெவிக்காரர்கள் விவரம் தெரியாதவர்கள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு மனுவாக எழுதிப் பேப்பரை வீணாக்கினார்கள். ஊர் எல்லையில் 'வியூ பாயின்ட்' என்று ஒரு பலகை நட்டிருந்தால் போதும். ஆறே மாதத்தில் தார் வந்திருக்கும். தாருக்கு முன்னாலேயே டிக்கெட் கவுன்ட்டர் வந்திருக்கும்.