இரண்டு கடலுக்கு நடுவே மூன்றாவது

பளைக்கு மேற்கே கிளாலிக் கடனீரேரி, கிழக்கே செம்பியன்பற்றுக் கடல். நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஒருவருக்குக் கடல் பற்றாமல் போய், விறாந்தையில் பவளமும் கடல்மீனும் வளர்க்கக் கண்ணாடித் தொட்டி வைத்தால் என்ன செய்ய முடியும்? ஆனையிறவு உப்பு கறிக்குத்தானாம், பவளத்துக்கு ஆகாதாம். வெளிநாட்டு உப்பு வாளியில் வரவேண்டும், லீற்றருக்கு 35 கிராம் கணக்கில்.

இந்தத் தொட்டியில் கோமாளி மீன் முட்டையிட்டால் கொண்டாட்டம். தகப்பன்தான் செட்டையால் விசிறி, வாயால் துடைத்து, ஒரு கிழமைக்கு மேல் காவலிருக்கும். ஊரில் இப்படி ஒரு தகப்பனைக் காட்டுங்கள் பார்ப்போம். (தாய் செத்தால் தகப்பனே பெண்ணாகிவிடும். 2003இல் வந்த நீமோ படம் இந்தக் கட்டத்தை விட்டுவிட்டது, குடும்பங்களின் நன்மை கருதித்தான்.)

குஞ்சுகள் இருட்டிய பிறகே வெளிவரும். அதே தொட்டியில் விட்டால் விடிவதற்குள் பவளமும் வடிகட்டியும், சிலவேளை பெற்றாருமே பசியாறிவிடுவார்கள். வேறு தொட்டிக்கு மாற்றினால் தீன் ரொட்டிபர் என்ற நுண்ணிய உயிரி. ரொட்டிபருக்குத் தீன் நுண்பாசி. பிறகு குஞ்சுகளுக்கு ஆட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால். மீன் வளர்க்கப் போனவர் பாசிக் கமக்காரராகி நிற்பார். பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

பளைக் காற்றாலைகள் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கின்றன. வீட்டில் கரண்ட் நின்றால் காற்றுப் பம்பியும் நிற்கும். வீட்டுக்காரர் கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருக்க, மனைவி ஜெனரேற்றர் விலை விசாரிப்பார்.