சேலம் மட்டும் ஏறு!

ஐரோப்பாவில் இப்போது ஒரு புது விரதம் கிளம்பியிருக்கிறது. பூமி சூடாகிறதாம், அதனால் காரைத் தொடாமல் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்வர வேண்டுமாம். எந்த ரயில், எந்த பஸ், பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் நாங்கள் பாட்டன் காலத்திலிருந்தே இந்த விரதம் இருந்துவருகிறோம். ஒருத்தரும் மெடல் குத்தவில்லை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில்கூட வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தான் ஏறிப்போனது. ஜனநாயகமே கார் இல்லாமல் பயணம் செய்த மாவட்டம் ஐயா இது.

அப்பேர்ப்பட்ட மாவட்டத்திலிருந்து கார் இல்லாத ஒரு குடும்பம், பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணையும் ஒன்பதாவது படிக்கிற பையனையும் இழுத்துக்கொண்டு, கையைக் கடிக்காத செலவில் கோலாலம்பூர் போய்வந்தது. அந்தப் பெருமையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தாலே வயிறு எரிகிறது.

கோலாலம்பூர் ஏன் என்றால், 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம் என்றார்கள். போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். பத்துமலை முருகன் இருக்கிறார், அதனால் என் அம்மா வாயைத் திறக்க முடியாது. இரட்டைக் கோபுரம் இருக்கிறது, பிள்ளைகள் போட்டோ போட்டுப் பள்ளிக்கூடத்தையே பொறாமையில் வேகவைக்கலாம். எல்லாவற்றையும்விட, அந்த ஊரில் கார் இல்லாதவனையும் மனுஷனாக மதிக்கிறார்கள் என்று கேள்வி.

முதலில் டிராவல்ஸ் ஏஜெண்ட். "நாலு நாள் மூணு ராத்திரி, எல்லாம் இன்க்ளூடட் சார். ஏர்போர்ட் டு ஏர்போர்ட்" என்றார். ஊரில் எல்லோரும் ஏர்போர்ட்டிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பதாக நினைப்பு. நோட்டீஸில் போட்ட விலை இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால் மட்டும். நாலு பேர் என்றால் இரண்டு அறை. 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு பேக்கேஜ் மேல் அரசாங்கம் முன்கூட்டியே வரி வேறு பிடிக்கிறது. வருமான வரிக் கணக்குப் போட்டால் திரும்ப வருமாம். வரட்டும். பேக்கேஜே வேண்டாம் என்று டிக்கெட்டை மட்டும் தனியாகப் போட்டோம்.

அங்கேதான் வயசுக் கூத்து. பன்னிரண்டு முடிந்துவிட்டால் விமானத்துக்கு என் பையன் பெரிய ஆள், முழு டிக்கெட். பாஸ்போர்ட்டுக்கோ பதினெட்டு ஆகும்வரை அவன் பச்சைக் குழந்தை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சம்மதக் கடிதம் தர வேண்டும். பெரியவர்களுக்கு 1,500 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். குழந்தைக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் ஐந்தே வருஷம். காசு வாங்கும்போது ஆளாக்குவது, உரிமை கேட்கும்போது குழந்தையாக்குவது என்கிற இந்த வித்தையை நம் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ஆதாரில் இனிஷியல் கடைசியில் நிற்கிறது, மார்க் ஷீட்டில் முன்னால் நிற்கிறது, பிறப்புச் சான்றிதழில் இனிஷியலையே காணோம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொன்னதிலிருந்து ஏஜெண்டுகள் எல்லோரும் அப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் திணிக்கிறார்கள். ஆக, விமானத்தில் என் பெண்ணைக் கூப்பிட என் பெயரைச் சொன்னார்கள். நான்கு பேரும் எழுந்து நின்றோம்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். கூரையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "குடும்பத்தோட ஃபாரினா? நல்லா இருங்க சார்" என்று மனசார வாழ்த்தினார். வாழ்த்தினாரே தவிர, போகவில்லை.

சரி, பாஸ்போர்ட் வந்தது, டிக்கெட் வந்தது. இனி பென்னாகரத்திலிருந்து விமானம் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது? ஹவாய் செருப்புப் போட்டவனும் விமானம் ஏற வேண்டும் என்று 2017-ல் உடான் திட்டத்தில் விமானம் விட ஆரம்பித்தார்கள். 2018 மார்ச்சில் சேலத்துக்கு விமானம் வந்தது. 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி பறந்தது. பறந்தாலும் கடல் தாண்டாது. 2024 ஜூனில் ஓசூரில் சர்வதேச விமான நிலையம், 2,000 ஏக்கர், வருஷத்துக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். மேசை தட்டினார்கள். ஆனால் பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் 2033 வரை புதிதாக ஒன்று முளைக்கக் கூடாது. என் பெண் அதற்குள் படித்து முடித்து, வேலைக்குப் போய், சொந்தமாகக் காரே வாங்கிவிடுவாள்.

கப்பலில் போனால் மலிவாச்சே, இலங்கைக்குப் போங்களேன் என்றார் என் மைத்துனர். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைப் பிரதமர் 2023 அக்டோபர் 14 அன்று காணொளியில் கொடியசைத்து அனுப்பினார். முதல் நாள் கட்டணம் 2,800 ரூபாய், அடுத்த நாளிலிருந்து 7,670. ஒரே வாரம். மழைக்காலம் என்று நிறுத்திவிட்டார்கள். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது நாகப்பட்டினத்தில் யாருக்கும் தெரியாது பாருங்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் வேறு கப்பல் வந்தது. 1914-லேயே எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, ரயிலில் தனுஷ்கோடி, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போய்ச் சேர்ந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1964 புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அடித்துக்கொண்டு போனதெல்லாம் புயல் இல்லை.

ரயிலைப் பற்றிப் பேசாமல் இருக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. தர்மபுரி டவுனிலிருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்றால் பஸ் பிடித்து மொரப்பூர் போக வேண்டும். 1906-ல் அந்த மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வெள்ளைக்காரன் சின்ன ரயில் விட்டான். எங்கள் மேல் பாசத்தில் இல்லை, பஞ்ச காலத்துக்குத் தானியம் வர வேண்டும் என்று. பின்னால் அது ஓசூர் வரைக்கும் ஓடியது. 1941-ல் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் மொரப்பூர் ரயில் தேர்தல் மேடையில் மட்டும்தான் தவறாமல், நேரத்துக்கு ஓடுகிறது. 2019-ல், மக்களவைத் தேர்தல் வாசலுக்கு வந்த நேரமாகப் பார்த்து, அடிக்கல் நாட்டினார்கள். வெறும் 36 கிலோமீட்டர். பஞ்சத்துக்கு இருந்த மரியாதைகூடப் பஞ்சம் பிழைக்கப் போகிறவனுக்கு இல்லை.

ஆக, பஸ்தான். பென்னாகரத்திலிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து பெங்களூரு சில்க் போர்டு, அங்கிருந்து வாயு வஜ்ரா பஸ் பிடித்து தேவனஹள்ளி விமான நிலையம். இருநூறு கிலோமீட்டர் சொச்சம். சேலத்திலிருந்து வருகிற நல்ல வண்டிகளில் பாதி பைபாஸ் ரைடர், ஊருக்குள் வராது. வருகிறதில் நிற்க இடம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெட்டியை வைத்தால் லக்கேஜ், மடியில் வைத்தால் திட்டு. வாடகை இன்னோவா கேட்டுப் பார்த்தோம்: கிருஷ்ணகிரி டோல், அத்திப்பள்ளி டோல், எலக்ட்ரானிக் சிட்டி டோல், விமான நிலையத்து டோல், டிரைவர் பேட்டா, திரும்பிக் காலியாக வருவதற்கும் காசு. கூட்டிப் பார்த்த என் மனைவி, "இந்தக் காசுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். விட்டுவிட்டோம்.

பெண்களுக்கு இலவசம் என்பதால் மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அதை அன்றைய அமைச்சர் பொன்முடி 2022-ல் மேடையேறி "ஓசி" என்று சொன்னாரே, அதுதான் இந்த நாட்டின் போக்குவரத்துக் கொள்கை. பஸ் என்பது இல்லாதவனுக்குப் போடுகிற பிச்சை. பிச்சைக்காரன் நேரம் கேட்பானா, சீட் கேட்பானா?

வீட்டை விட்டுக் கிளம்பி ஏழு மணி நேரம் கழித்து விமான நிலைய வாசலை மிதித்தோம். அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

கோலாலம்பூரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 57 கிலோமீட்டர், விரைவு ரயிலில் அரை மணி நேரம். காசு பார்க்கிறவனுக்கு பஸ் இருக்கிறது, பார்த்தோம், பஸ்ஸில் போனோம். பத்துமலைக்கு ரயில் படிக்கட்டு வரைக்கும் போகிறது. 272 படி ஏறுவது மட்டும் நம் பாடு. ஒரே ஒரு சம்பவம். முதல் தடவை நகர ரயிலில் ஏறியதும் பையன் பழக்க தோஷத்தில் வாசலோரம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றான். கதவு தானாக மூடிக்கொண்டது. "ப்பா, இதுல தொங்க முடியாதே" என்றான்.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இலவச பஸ் பாஸ் கழுத்தில் ஆட, புத்தகப் பை முதுகில் ஆட, காலையில் ஒரு கால் படிக்கட்டிலும் ஒரு கால் அந்தரத்திலுமாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அவன். எட்டரை மணிக்கு ஒரு வண்டி, அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. படியில் தொங்கினால் போலீஸ் வந்து உறுதிமொழி எடுக்க வைக்கிறது, பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வு நாடகம் போடுகிறார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு அறிவுரை சொல்கிறார்கள். இன்னொரு பஸ் விடலாம் என்று மட்டும் ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. அறிவுரைக்கு டீசல் தேவையில்லை அல்லவா!

நம் ஆட்களும் வெளிநாடு போகாமல் இல்லை. 2019-ல் முதல்வராக எடப்பாடி பழனிசாமி லண்டன், அமெரிக்கா, துபாய் எல்லாம் போய்வந்தார். 2023 மே மாதம் முதல்வராக மு.க. ஸ்டாலின் ஜப்பான் போனார். ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு புல்லட் ரயிலில் போகும்போது, ஐந்நூறு கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் கடப்பதாகவும், இப்படிப்பட்ட ரயில் இந்தியாவிலும் வந்து ஏழை, நடுத்தர மக்கள் பயன்பெற வேண்டும் என்றும் எழுதினார். படித்துவிட்டுப் புல்லரித்தது. ஜப்பான் எங்களுக்கு அந்நியம் இல்லை. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறை பிடித்த எங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர் வந்ததே ஜப்பான் கடனில்தான். ஒரு கடனோடு கடனாக எட்டரை மணிக்கு இன்னொரு பஸ்ஸுக்கும் டோக்கியோவில் கேட்டு வாங்கியிருக்கலாம்.

திரும்பி வந்த கதைதான் மிச்சம். போகும்போது மலேசியாவில் குடிநுழைவு அதிகாரி முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், முடிந்தது. ஒரு நாடே எங்களை உள்ளே விட்டது. சனிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏற வந்தோம். வண்டி காலியாக நிற்கிறது. வாசலில் கண்டக்டர் கையை நீட்டி மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"சேலம் மட்டும் ஏறு! சேலம் மட்டும் ஏறு! கிருஷ்ணகிரி, தர்மபுரி ஏறாதே!"

"அண்ணே, புள்ளைங்க இருக்காங்க, பெட்டி இருக்கு."

"சேலம் ஆளுங்க ஏறட்டும், இடமிருந்தா பாக்கலாம். தள்ளு, தள்ளு."

என் மனைவி காதோடு, "பாஸ்போர்ட்டைக் காட்டிப் பாருங்க" என்றாள். பெங்களூரில் கட்டடம் கட்டுகிற பாதிக் கை எங்கள் மாவட்டத்துக் கை. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வாரம் முழுக்கச் சிமெண்ட் சுமந்து, சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருகிறவர்கள். கைக்குழந்தையோடு அவர்களும் அங்கேதான் நின்றார்கள். அவர்களுக்கு இது விடுமுறைச் சங்கடம் இல்லை; வாராவாரம் கேட்கிற வசனம். நாங்கள் நாலு பேருக்கும் சேலத்துக்கே டிக்கெட் போட்டு ஏறினோம். விடிகாலை மூன்று மணிக்கு தர்மபுரி பைபாஸில் பாலத்தடியில் இறக்கிவிட்டார்கள். சேலம் வரைக்கும் கொடுத்த மிச்சக் காசுக்கு எங்கள் ஆவி பயணம் செய்திருக்கும்.

அடுத்து முதலீடு திரட்ட வெளிநாடு கிளம்பும் முதல்வருக்கு, அவர் எந்தக் கட்சியானாலும் சரி, ஒரு விண்ணப்பம். கான்வாய் வேண்டாம். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். போக்குவரத்துத் துறை அதிகாரிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், டெல்லியிலிருந்து ரயில்வே அமைச்சர் வந்தாலும் சந்தோஷம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் துணைக்கு அனுப்புகிறேன். பெண் ஜன்னல் சீட் கேட்பாள், பையனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பசிக்கும். திரும்பும்போது சனிக்கிழமை ராத்திரியாகப் பார்த்து வாருங்கள். கண்டக்டர் மறித்தால் நான் தமிழ்நாட்டு முதலமைச்சர் என்று சொல்லிப் பாருங்கள். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பார். தர்மபுரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.