எங்கள் தோட்டத்துக் கதை இதில் ஏறுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்த அறுபதுகளில், புத்தகம் யாருக்கும் தனிச் சொத்தாக இருந்ததில்லை. ஈப்போவுக்குப் போய்வரும் ஒருவர் ஆனந்த விகடனோ கல்கியோ வாங்கி வருவார். கப்பலில் வந்த இதழ். தமிழ்நாட்டில் அது வெளியாகிப் பல வாரம் ஆகியிருக்கும். தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடுவரை அது போகும். அட்டை கிழிந்தால் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி அடுத்த லயத்துக்கு அனுப்புவார்கள். தொடர்கதைப் பக்கங்களை யாராவது தனியே எடுத்துத் தைத்து வைத்திருப்பார்கள். அந்தத் தையல் புத்தகத்துக்கு வரிசை நிற்கும்.

என் தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தமிழ் நேசன் நாளேட்டில் வந்த செய்தியெல்லாம் அவருக்குத் தெரியும். இருட்டோடு பிரட்டு என்ற ஆள்கணக்குக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் லயத்து வாசலில் உட்காருவார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒருவன் பேப்பரை உரக்கப் படிப்பான். சில நாள் அந்தப் பிள்ளை நானாக இருந்தேன். "இன்னொரு தடவை படி அய்யா" என்று கேட்டால் மறுபடியும் படிக்க வேண்டும். இரவில் தோட்டத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டால் மண்ணெண்ணெய் விளக்குதான். நான் பின்னாளில் தமிழ்ப்பள்ளி ஆசிரியரானதற்கு அந்த வாசல்தான் காரணம்.

இப்போது ஈப்போவில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறேன். அலமாரி நிறையப் புத்தகம். ஈரக் காற்றில் தாள் பழுத்துவிட்டது. கீழ்த் தட்டில் கரையான் ஏறியது. கண்ணில் புரை எடுத்த பிறகும் பழைய நூல்களின் பொடி எழுத்து எனக்குப் பிடிபடுவதில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகள் விடாமல் சொல்கிறாள்: "அப்பா, மின்னூல் வாசிப்பான் ஒன்னு வாங்கிக்குங்க. எழுத்த எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கலாம். இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?"

யோசிக்க நிறையவே இருந்தது. ஐந்நூறு வெள்ளிக்கு மேல் விலையுள்ள பொருள். அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டேன். திரைக்குள் தலைமுடி அளவே குறுக்களவுள்ள நுண்ணிய உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள். பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்துகிறது. அதன்பின் எழுத்து மின்சாரமில்லாமலே நிற்கிறது. அதனால்தான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. கைப்பேசித் திரையைப்போல் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சாமல், மேலே விழும் வெளிச்சத்தில் எழுத்தைக் காட்டுகிறது. சிறிய வகையின் எடை இருநூறு கிராமுக்கும் குறைவு. என் வயதுக் கைக்கும் கண்ணுக்கும் இது பெரிய உதவி.

படிக்கத் தமிழில் என்ன கிடைக்கும் என்பதும் இப்போது கவலையில்லை. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் வாங்காமல் தட்டச்சு செய்த சங்க நூல்களும் காப்பியங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அமேசானின் கிண்டில் வாசிப்பான் 2007-ல் வெளிவந்தது. 2016 டிசம்பரில் அதன் கடைக்குத் தமிழ் நூல்களும் வந்தன. சிறுவயதில் ஓர் இதழுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவனுக்கு, சென்னையில் வந்த நூல் அதே நிமிடம் ஈப்போவில் திறக்கிறது என்பதைக் கேட்கவே நெஞ்சு நிறைகிறது.

என்னைத் தயங்கவைத்தவை இரண்டு. ஒன்று, காசு கொடுத்து வாங்கும் மின்னூல் பெரும்பாலும் நமக்கு உடைமையாவதில்லை. படிக்கும் உரிமம்தான் கிடைக்கிறது. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களின் சில பதிப்புகளை அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது, புத்தகம் போய்விட்டது. அந்த நிறுவனமே பிறகு மன்னிப்புக் கேட்டது. லயத்தில் ஒரு புத்தகம் வீடு வீடாகப் போனதைப்போல் மின்னூல் போக முடியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாவல் கொடுக்க நினைத்தால் கருவியையே கொடுக்க வேண்டும்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரியது. எங்கள் புத்தகங்களில் பெரும்பாலானவை மின்னூலாக வரவில்லை. மலேசியத் தமிழ் நூல்களில் பெரும்பாலானவை எழுதியவரே கைக்காசு போட்டு அச்சடித்தவை. ஐந்நூறு, ஆயிரம் படிகள். மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கும். முதல் நூலை ஒரு பெரியவர் வாங்குவார். வந்தவர்கள் உறையில் பணம் வைத்து ஆளுக்கொன்று எடுத்துப் போவார்கள். மறுபதிப்பு அரிது. ஜப்பானியர் காலத்தில் பர்மா ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோன கொடுமையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலாக்கினார். அதே துயரத்தை அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலில் எழுதினார். இப்படி ஊரறிந்த பெயர்கள் எப்படியாவது தப்பிக்கும். தமிழ் நேசனின் ஞாயிறு பதிப்பில் ஒன்றிரண்டு சிறுகதை எழுதிவிட்டு மறுபடி வெட்டுக்காட்டுக்குப் போனவர்களை யார் காப்பாற்றுவது? 1924-ல் தொடங்கிய அந்த நாளேடு 2019-ல் நின்றுபோனது.

தோட்டங்கள் போனபோது புத்தகங்களும் போயின. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் லோரியில் ஏற்றியவை அடுப்பும் கட்டிலும் சாமிப் படமும். தோட்டத்து வாசகசாலையின் புத்தகப் பெட்டியை ஏற்ற இடமிருக்கவில்லை. வேறு விதமான இழப்பும் உண்டு: இலங்கையில் யாழ்ப்பாண நூலகத்தை 1981-ல் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பை மறக்காத ஈழத்தமிழர்கள் 2005-ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் மின்வடிவில் சேர்க்கிறார்கள். எங்கள் புத்தகங்களை யாரும் கொளுத்தவில்லை. அவை சிதறிப்போனதால், இழந்தோம் என்ற உணர்வுகூட எங்களுக்கு வரவில்லை.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ச் சமூகம் அருண் மகிழ்நன் தலைமையில் தேசிய நூலகத்தோடு சேர்ந்து, நாடு விடுதலை பெற்ற ஐம்பதாண்டின் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350-ஐ 2015-ல் மின்வடிவில் கொண்டுவந்தது. பழைய தமிழ் முரசு இதழ்களையும் அங்கே இணையத்தில் படிக்கலாம். எங்களுக்கு ஆள்பலமோ அறிவோ குறைவில்லை. கணினியில் தமிழ் எழுத 1985-லேயே முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கருவிகளில் தமிழைக் காட்டும் எழுத்துருக்களில் அவர் வடிவமைத்தவையும் உண்டு. திரைக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த நாட்டின் தமிழ்க் கதைகள் திரைக்கு வராமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் கருவியை வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். படிப்பதற்கு மட்டுமென்றால் இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன். என் அலமாரியில் இருக்கும் தோட்டத்து நூல்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்ற வேண்டும் என்பதே நோக்கம். பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் போதாது. சின்னத் திரையில் படம் பொடியாகத் தெரியும். எழுத்தைத் தனியே பெரிதாக்க முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இப்போது தமிழுக்கும் இருக்கிறது. அது ணகரத்தையும் னகரத்தையும் குழப்பும் இடங்களைப் பழகிய கண் வரிவரியாகத் திருத்த வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இதைவிடத் தகுந்த வேலை வேறில்லை. மலேசியச் சட்டப்படி எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டுவரை பதிப்புரிமை குடும்பத்துக்கு உண்டு. ஆகவே பிள்ளைகளைத் தேடிப்போய் அனுமதி கேட்க வேண்டும். கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன். திருத்தி முடித்த நூலுக்கு விற்பனைப் பூட்டு எதுவும் கூடாது. யாரும் யாருக்கும் அனுப்பலாம். பேராக்கிலுள்ள 134 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அது போய்ச் சேரலாம்.

நடக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது, எங்கள் சுங்கை சிப்புட்டின் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய மக்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலத்தை அப்படி மீட்டவர்களின் பிள்ளைகளுக்கு நூறு, இருநூறு நூல்களை மீட்பது முடியாத காரியமாகாது. எழுதியவர்களின் குடும்பங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பழைய பேப்பர் லோரி அடுத்த முறை தெருவுக்குள் வரும்போது அப்பாவின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்.