தரைப்பாலத்தின் துலா முழுக்கு

அனுப்புநர்: கொசத்தலை ஆற்றங்கரையோர், பள்ளிப்பட்டு.
பெறுநர்: ஆற்றையும் அணையையும் சாலையையும் பாலத்தையும் தமக்குள் பங்கிட்டு ஆளும் உயர்திரு துறையார் அனைவரும்.
பொருள்: எச்சரிக்கைப் பலகை நட்டமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

தரைப்பாலம் என்பது, ஆற்றுப்படுகையில் குழாய்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் கான்கிரீட் தளம் இட்டு, வெயில்நாளில் பாலமாகவும் வெள்ளநாளில் ஆற்றின் அடிமட்டமாகவும் பணிபுரியுமாறு அமைக்கப்படும் கட்டுமானம் ஆகும். ஐப்பசி மாதத்தில் காவிரியில் நீராடுவதைத் துலா முழுக்கு என்றும், அம்மாதத்தின் கடைசி நாளில் மயிலாடுதுறையில் மூழ்குவதைக் கடைமுழுக்கு என்றும், அதற்கும் வந்து சேர இயலாதவருக்காகக் கார்த்திகை முதல் நாளை ஒதுக்கி அதனை முடவன் முழுக்கு என்றும் ஆன்றோர் வகுத்தனர். மயிலாடுதுறைக்கு நடந்து செல்லக் காலில்லாத பாலங்களுக்கும் அப்புண்ணியம் கிட்ட வேண்டும் என்று எண்ணி, அவை இருந்த இடத்திலேயே மூழ்கும்படி அளவெடுத்துக் கட்டிக்கொடுத்த துறையாரின் கருணையை என்னவென்று புகழ்வது! வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டதும், நெடியம், சாமந்தவாடா முதலிய ஊர்களின் தரைப்பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்த்தமாட இறங்குகின்றன. சில, முழுக்கின் ருசி கண்டு, கரையேறாமல் வெள்ளத்தோடே போய்விடுகின்றன.

இம்மடலுக்கு உடனடிக் காரணம் மேற்படிப் பலகையே. வெள்ளத்துக்கு மேலே நிற்கும் பாலத்தை அலுவல்மொழியில் உயர்மட்டப் பாலம் என்பர் (பிற ஊர்களில் அதற்கு வெறுமனே பாலம் என்று பெயர்). அத்தகைய ஒன்றை வேண்டிக் கரையோர் அளித்த மனுக்களில் கடைசி மனுவுக்கு, 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டது' என்னும் குறுஞ்செய்தி வந்தது. அந்த நடவடிக்கை யாதெனத் தேடிச் சென்றோர், மறுகரையில், ஈரம் காயாத சிமெண்டில் ஊன்றப்பட்டு, ஒரு கால் குட்டையாகிவிட்டபடியால் கருங்கல் துண்டொன்று அண்டக் கொடுக்கப்பட்டு நின்ற மஞ்சள் பலகையைக் கண்டனர். 'வெள்ளம் செல்லும்போது பாலத்தைக் கடக்காதீர், உயிறுக்கு ஆபத்து' என்று அதில் எழுதியிருந்தது. உயிருக்கு வந்த ஆபத்து முதலில் எழுத்துக்கு வந்திருந்தமையைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயின் பலகையின் முகம் ஆற்றை நோக்கி இருந்தபடியால், ஊரிலிருந்து செல்வோர் கடந்து முடித்த பின்பே கடக்காதீர் என்பதைப் படிக்கின்றனர். மறுகரையிலிருந்து வருவோரோ அதன் முதுகைப் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குகின்றனர்.

இதனை அலுவலகத்தில் எடுத்துரைத்தபோது, 'போர்டு கேட்டீங்க, வெச்சாச்சு. எந்தப் பக்கம் நின்னு படிக்கணும்னும் நாங்கதான் சொல்லணுமா?' என்று அருள்வாக்கு பிறந்தது. கரையோர் கேட்டது பாலம். பலகையை எவரும் கேட்கவில்லை. பேச்சு நடந்த மேசையில் அதே மனு கிடந்தது. அதன்மேல் தேநீர்க் குவளையின் வட்டம் பதிந்திருந்தது.

எல்லையோர ஊராகிய பள்ளிப்பட்டில் வெள்ளமும் இரு மொழிகளில் வருகிறது. 'ஆறு வந்துடுச்சு' என்று ஒரு தெருவிலும் 'ஏரு ஒச்சிந்தி' என்று அடுத்த தெருவிலும் குரல் எழும்ப, காவலர் இரும்புத் தடுப்பைக் குறுக்கே இழுத்து நிறுத்துகின்றனர். தடுப்பு கிட்டாத இடங்களில், கோடை முழுதும் படுகையை ஆண்ட வேலிக்காத்தான் முள்ளே வெட்டிப் போடப்படுகிறது. பால் கேன்கள் கரையிலேயே வெயிலுக்குக் காத்துக் கிடக்கின்றன. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு காட்டிலேயே நிற்கிறது. நெசவில் நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்பர். அதைச் சுற்றிய உருளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டால் இந்தப் பக்கத்து விசைத்தறி நிற்கிறது, தறி நின்ற நாளுக்குக் கூலியும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் பாலத்தின் முழுக்கை உளமாரக் கொண்டாடுகின்றனர்.

நூல்கள் இந்த ஆறு பள்ளிப்பட்டு அருகே தோன்றுவதாகக் கூறுகின்றன. தோன்றுவதற்கு முன்பே அது ஆந்திரத்து அணையில் தேங்கிவிடுவது தத்துவ அறிஞர் ஆராய வேண்டிய பொருள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரத்தோடு இப்பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக நிலம் இந்தப் பக்கம் வந்தது, அணையின் மதகுச் சாவியோ அந்தப் பக்கம் இருக்கிறது. மேலும் இரு அணைகள் கட்டும் ஆந்திரத்தின் முயற்சியைக் கைவிடக் கோரி 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கோடையில் தண்ணீர் இல்லாமற்போகும் என்னும் அச்சமும், மழையில் ஒரே நாளில் அத்தனையும் வந்துவிடும் என்னும் அச்சமும் ஒரே கரையில் குடியிருப்பது இவ்வாற்றின் சிறப்பு. இதற்குப் பெயரும் ஒன்றன்று: கொசத்தலை, கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை எனக் கோப்புக்கொரு பெயர் வழங்குவதால், ஓர் அலுவலகம் தேடும் ஆறு மற்றோர் அலுவலகத்தின் அலமாரியில் கிடைப்பதில்லை.

ஏறத்தாழ 136 கிலோமீட்டர் ஓடும் இவ்வாறு, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கி 1944 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தில் இளைப்பாறிவிட்டு, மணலி ஓரமாகச் சென்று எண்ணூரில் கடலை அடைகிறது. பூண்டி நிரம்பித் திறக்கப்படும்போது முழுக்கின் முறை மணலி புதுநகருக்கு வருகிறது; அங்கே மூழ்குபவை வீடுகள் என்பதால் புண்ணியம் சற்றுக் கூடுதல்.

ஆறு கடலோடு கலக்கும், உப்பும் இனிப்பும் மாறி மாறி ஏறி இறங்கும் நீர்ப்பரப்பு கழிமுகம் எனப்படும். தலைமாட்டில் ஆறு பாலத்தை முழுகவைக்க, கால்மாட்டில் ஆறே முழுகும் விதத்தை எண்ணூரில் காணலாம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகிப் படுகை மேடிட்டமையால், இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்தோரின் காலடியில் இன்று சாம்பற்சேறு கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழைக்குப் பின், மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வந்த எண்ணெய், கழிமுகம் முழுதும் பரவி, படகையும் வலையையும் அலையாத்திச் செடியின் வேரையும் கூழைக்கடாவின் சிறகையும் ஒரே நிறமாக்கிற்று. அவ்வெண்ணெயைக் குப்பத்து மீனவர் வாளியாலும் குவளையாலும் அள்ளினர். கையால் அள்ளினர். யாரோ கொட்டியதை, மீன் பிடிக்கும் கையால் அள்ளினர். சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் மின்நிலையமும் சூழ்ந்த கரையில், கோடிக்கணக்கில் எந்திரம் வாங்கத் தெரிந்த ஒரு நாட்டுக்கு, அன்று நீட்டத் தெரிந்தது பிளாஸ்டிக் குவளை. இதில் நகைச்சுவை ஏதும் இல்லை. மீன்வலை நாறினால் விலைபோகாது. நாற வைத்தவனுக்கு அது தெரியாததும் அன்று. அந்த மாதமே, 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூரின் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, உறங்கியோர் மூச்சுத் திணறி எழுந்து ஓடினர்.

மன்னிக்க, நன்றி மடலில் இவ்வாறு குரல் உயர்வது மரபன்று. எண்ணூரின் மீனவர் நல்வாய்ப்புப் பெற்றவர் என்பதே சொல்ல வந்தது: பள்ளிப்பட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பாலத்துக்கு மட்டும் கிட்டும் எண்ணெய் முழுக்கு – பிழை பொறுக்க, நீர் முழுக்கு – அங்கே மீனுக்கும் பறவைக்கும் மனிதருக்கும் சாதி பேதமின்றி வழங்கப்படுகிறது. கழிமுகத்தின் வரைபடமும்கூட முழுக்குப் போட்டிருக்கிறது. கரையோரங்களில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று வரையறுக்க 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் நீராக இருந்த இடம், பின்னர் வந்த வரைபடமொன்றில் நிலமாக எழுந்துவிட்டமை 2017இல் பெருஞ்சர்ச்சையாயிற்று. பாலம் நீருக்குள் போவது முழுக்கு என்றால், நீர் தாளுக்குள் போவதைக் கடைமுழுக்கு எனலாம்.

யாருக்கும் உரிமைப்படாமல் ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலமும் நீரும் வருவாய்த்துறை ஏட்டில் புறம்போக்கு எனப்படும்; அதே சொல் தெருவில் வசவாகவும் வழங்குகிறது. ஏட்டுச் சொல்லை விடுத்து, தெருச் சொல்லின் பொருளிலேயே ஆற்றைத் துறையார் நடத்துவது, பேச்சுத்தமிழின்பால் அவர்கள் கொண்ட பற்றைக் காட்டுகிறது.

எனவே பெரிய வேண்டுகோள் எதனையும் முன்வைத்துத் துறையாரின் தேநீர் வேளைக்கு இடையூறு செய்யக் கரையோருக்கு மனமில்லை. உயர்மட்டப் பாலத்துக்கு நிதி வேண்டும், மண் ஆய்வு வேண்டும், மதிப்பீடு வேண்டும், ஒப்பந்தப்புள்ளி வேண்டும். பலகையைத் திருப்பி வைக்க ஒரு கடப்பாறை போதும். அண்டக் கொடுத்த கல்லை நீக்கினால் அது பாதி தானாகவே திரும்பிவிடும். அடுத்த முறை அணை திறப்பதற்குள் ஆள் வரவில்லையாயின், பலகைக்கும் இவ்வாண்டு முடவன் முழுக்கு உண்டு என்று கொள்ளலாமா என்பதை மட்டும், முந்தையதைப் போன்றே ஒரு குறுஞ்செய்தி வழியாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
இக்கரையில் காத்திருக்கும் கரையோர்.

இணைப்பு: மனுவின் நகல் 1 (தேநீரில் முழுக்காடியது).