வாந்தியை விட்டுட்டு நெஞ்சுவலிக்குப் போன மாப்ளே

உக்காருங்க மாப்ளே. திண்ணை ஈரமா இருக்குது, அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்கங்க. மெதுவா, மெதுவா! நெஞ்சுவலிக்காரரு இப்படிப் பொத்துன்னு உக்காரலாமுங்களா?

உங்க மனுவைப் பேத்தி படிச்சுக் காட்டுனா. சேலத்துல லா படிக்கறவளே நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குனா. சுகரு, பிரஷரு, நெஞ்சுவலி, திடீர் தலைசுத்தல், அது போதாதுன்னு மூலம் வேற. நோ பார்க்கிங்குல காரை நிறுத்துனதுக்குப் போட்ட 500 ரூபாயைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி மூணு பக்கம். இதைப் படிக்கறவரு அபராதத்தைத் தள்ளுவாரோ என்னமோ, உடனே 108-க்குப் போன் போட்டுருவாரு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெஞ்சுவலி எத்தனை மணிக்கு வந்துச்சு? ஏன்னா, உங்க செல்லுக்கு வந்த சலான்ல போட்டோ இருக்குது. மணி 11.52. நோ பார்க்கிங் போர்டு, அதுக்கு நேர் கீழ உங்க காரு. பின்னாடி பஜ்ஜிக் கடை. கடைவாசல்ல நீலச் சட்டை போட்ட ஒருத்தரு தலையை அண்ணாந்துக்கிட்டு மிளகாய் பஜ்ஜியை வாயில விடறாரு. அந்தச் சட்டை தீபாவளிக்கு நாங்க எடுத்துக் குடுத்ததுங்க. நெஞ்சு வலிக்கறவன் மிளகாய் பஜ்ஜி திங்கக்கூடாதுன்னு சட்டத்துல இல்லீங்க. ஆனா கோர்ட்டுல உக்காந்திருக்கறவருக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்குமே.

அதை விடுங்க, சின்ன விசயம். பெரிய விசயம் அந்தத் தலைசுத்தல். லைசென்ஸ் எடுக்கறப்போ ஃபாரம் 1-ல கையெழுத்துப் போட்டீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? வலிப்பு வருமா, திடீர்னு நெனவு தப்புமா, தலை சுத்துமான்னு கேட்டிருப்பாங்க. 'இல்லை'ன்னு எழுதித்தான் லைசென்ஸ் வாங்குனீங்க. இப்ப 'அடிக்கடி வருதுங்க ஐயா'ன்னு எழுதறீங்க. உடம்புக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே, அடுத்தவனுக்கு ஆபத்தா வண்டி ஓட்டுனா மோட்டார் வாகனச் சட்டத்துல 186-ன்னு ஒரு பிரிவு இருக்குதாமுங்க. மொத தடவை 1,000 ரூபா, மறுபடி மாட்டுனா 2,000. நோ பார்க்கிங்குக்கு மொத தடவை 500, அடுத்த தடவை 1,500. அதாவது, 500 ரூபா தப்புக்குத் தப்பிக்க 1,000 ரூபா தப்பை மூணு பக்கத்துக்கு ஒத்துக்கிட்டு, கீழ கையெழுத்தும் போட்டிருக்கீங்க. லைசென்ஸையும் கூடவே வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா அவங்களுக்கு வேலை மிச்சம்.

வியாதின்னு சொன்னா விட்டுருவாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது? வைத்தியம் பாக்கறவங்களுக்கே அந்தச் சலுகை சுளுவாக் கிடைக்கலீங்க. 2024-ல மெட்ராஸ் டிராபிக் போலீஸ், வண்டியில டாக்டர், பிரஸ், போலீஸுன்னு ஒட்டிக்கிட்டுத் திரியற ஸ்டிக்கரையெல்லாம் கிழிச்சுப் போடுங்க, மே 2-லேருந்து ஃபைனுன்னாங்க. அவசரத்துக்கு ஓடற எங்களுக்காவது விலக்கு குடுங்கன்னு டாக்டருங்க ஹைகோர்ட்டு வரைக்கும் போனாங்க. கழுத்துல ஸ்டெத்தாஸ்கோப்பு மாட்டுனவங்க பாடே அப்படி. நீங்க கையில பஜ்ஜியோட நிக்கறீங்க.

லண்டன்ல இருக்கற உங்க பங்காளி ஏதோ நீல அட்டை வெச்சிருக்காராமே? வெச்சிருக்கட்டும். அவரு கால் முடியாதவரு. அந்தச் சலுகை அங்க 1971-லேருந்து இருக்குது, அப்ப ஆரஞ்சு கலர் அட்டை. வண்டி நிறுத்தக்கூடாதுன்னு போட்ட ரெட்டை மஞ்சக்கோட்டு மேலயே இங்கிலாந்துல மூணு மணி நேரம் நிறுத்தலாமாம். ஆனா அட்டை ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. அவரு வீட்டுல படுத்திருக்க, அவரு மச்சான் அட்டையை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போனா ஆயிரம் பவுண்டு வரைக்கும் தீட்டுவாங்க. நம்ம ஊருலயும் 2016-ல மாற்றுத்திறனாளி சட்டம் வந்துச்சு, அவங்களுக்குன்னு வண்டி நிறுத்த எடம் ஒதுக்கணும்னு சொல்லியாச்சு. அந்த எடத்துல யாரு காரு நிக்குதுன்னு கோடை விழா சமயத்துல நீங்களே போய்ப் பாருங்க. பக்கத்துல சக்கரம் வெச்ச ஸ்கூட்டருல வந்தவரு எறங்க எடமில்லாம ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வருவாரு.

பேத்தி இன்னொண்ணும் சொன்னா. ஒரு பெரிய கெடுதலைத் தடுக்க வேற வழியில்லாம நல்லெண்ணத்தோட சின்னக் கெடுதல் பண்ணுனா அது குத்தமில்லைன்னு தண்டனைச் சட்டமே சொல்லுதாம். 1860-ல வெள்ளைக்காரன் எழுதுனப்போ 81-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-லேருந்து புதுப் பேரு, புது நம்பரு, 19. அதுல ஒரு கப்பல் கதை வருது. கப்பலை நிறுத்த முடியலை. நேரா போனா இருவது முப்பது பேரு இருக்கற படகு மேல ஏறிடும். திருப்புனா ரெண்டே பேரு இருக்கற படகுல இடிச்சாலும் இடிக்கும், தப்புனாலும் தப்பும். மாலுமி திருப்பறான். அவன் மேல குத்தமில்லை. எனக்கு அந்த மாலுமியைப் புடிச்சுப் போச்சுங்க. ஆனா வேற வழி இல்லைங்கறதை அவன்தான் காட்டணும். உங்க கப்பல் எங்க போயிக்கிட்டிருந்துச்சு? பஜ்ஜிக் கடைக்கு.

இப்ப நெசத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு வண்டியில என் தங்கச்சி, அதான் உங்க மாமியா, இருந்தாளா இல்லையா? இருந்தா. அடிவாரத்துலேருந்து இருவது கொண்டை ஊசி வளைவையும் ரேஸுக்காரன் மாதிரி திருப்புனீங்க. மேல வந்து சேர்றதுக்குள்ள கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. கையும் காலும் சில்லுன்னு ஆயிப்போச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டீங்க. ஓ.பி. சீட்டு இருக்குது. அதுல மணி 11.40.

அட மகராசா! கையில நெசமான வாந்தி இருக்கறப்போ எதுக்குங்க பொய் நெஞ்சுவலி? மாமியா வாந்தின்னா கௌரவக் குறைச்சலா?

இதை எழுதுனாத் தேறுமான்னா, பாதி தேறும். 'நோயாளியை எறக்கி விட்டது சரி, அப்புறம் 12 நிமிசம் காரை ஏன் நகத்தலை?'ன்னு கேப்பாங்க. ஞாயமான கேள்வி. அவசரம்ங்கறது ஆளை எறக்கி உள்ள சேர்க்கற வரைக்கும்தான். ஆஸ்பத்திரி கேட்டை மறிச்சு வண்டி நிறுத்தக்கூடாதுன்னும் விதி இருக்குது. நல்லவேளை, நீங்க நாலு கடை தள்ளி நிறுத்துனீங்க. எங்க ஆத்தா காலத்துல இந்த மலையில நோயாளியைத் துணித் தொட்டில்ல போட்டு, மூங்கில் கட்டித் தோள்லதான் தூக்கிட்டு வருவாங்க. இப்ப 2008-லேருந்து 108 வருது. அது வந்து நிக்கற எடத்துல செல்பி எடுக்கறவன் காரு நிக்குது. வழி விடாம மறிச்சா அதே மோட்டார் வாகனச் சட்டத்துல 194-இ, 10,000 ரூபாய்ங்க. அதுக்கு எந்த வியாதியும் எழுதித் தப்பிக்க முடியாது.

பேனாவை எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. 'ஐயா, இன்ன தேதி, இன்ன நம்பர் வண்டி. என் மாமியாருக்கு மலையேறும்போது கடும் வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்க்க வண்டியை அங்கே நிறுத்தினேன். ஓ.பி. சீட்டு நகல் இணைத்துள்ளேன். சேர்த்த பிறகும் வண்டியை எடுக்காதது என் தவறு. இது எனக்கு முதல் சலான்.' அவ்வளவுதான். மூலத்தைப் பத்தி மூச்சு விடாதீங்க. டாக்டர்கிட்ட 300 ரூபா குடுத்து நெஞ்சுவலி சர்டிபிகேட் வாங்கற யோசனை இருந்தா அதையும் இந்தத் திண்ணையிலேயே விட்டுருங்க. பொய் சர்டிபிகேட்டுக்குத் தனி கேஸு.

கேக்கலைன்னா கோர்ட்டுல நின்னு சொல்லலாம். அதுக்கு ஒரு நாள் வேலை போகும், பஸ்ஸு காசு, மத்தியானச் சாப்பாடு, வக்கீல் வெச்சா அவரு கூலி. கூட்டிப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நானா இருந்தா 500-ஐக் கட்டிட்டு, நாலு பேருகிட்ட ஜெயிச்சுட்டேன்னு சொல்லிக்குவேன்.

ஆனா ஒரு சிக்கலுங்க மாப்ளே. அந்த ஓ.பி. சீட்டு என் தங்கச்சி சுருக்குப்பையில இருக்குது. அவளுக்கு ஊசி குத்தறப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு அவ இன்னும் தேடிக்கிட்டிருக்கா. பேத்தி போட்டோவைக் காட்டிட்டாளோ என்னவோ, காலையிலேருந்து அடுப்படியில பாத்திரம் சத்தமா விழுது. நீங்களே உள்ள போயி வாங்கிக்கங்க. நான் மிளகு காய வெச்சிருக்கேன், பாத்துட்டு வர்றேன்.