எங்கள் வீட்டு ஆவி

நியூயார்க்,
ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எட்டு வருஷம் பாய்லர் முன்னால் வெந்துவிட்டு, “இனி ஆயுசுக்கும் ஸ்டீம் முகத்தில் முழிக்க மாட்டேன்” என்று சொல்லித்தானே விமானம் ஏறினேன்? வந்த முதல் வாரமே ராத்திரி இரண்டு மணிக்குச் சுவருக்குள் யாரோ சம்மட்டியால் டங் டங்கென்று அடித்தார்கள். அப்புறம் பாம்பு மாதிரி ஒரு சீறல். கூடத் தங்கியிருக்கும் மதுரைப் பையன் திருநீற்றைப் பூசிக்கொண்டு, “அண்ணே, இந்த வீட்ல ஆவி இருக்கு” என்றான்.

இருக்கிறது மாமா. நம்ம ஆவிதான்.

நூறு வயசுக் கட்டடம். கீழே நிலவறையில் பாய்லர், அறைக்கு அறை ஜன்னலடியில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர். ஆவி ஏறுவதும் ஆறிய தண்ணீர் இறங்குவதும் ஒரே குழாயில். சீறல், காற்றை வெளியே விடும் ஏர் வென்ட். ஆறிய தண்ணீரைப் பிரித்துவிடும் ஸ்டீம் ட்ராப் எல்லாம் கிடையாது. ரேடியேட்டர் வால்வுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால்தான் தண்ணீர் திரும்பி ஓடும். எங்கள் வீட்டில் தரை இறங்கி, ரேடியேட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தேங்கிய தண்ணீரை ஆவி அள்ளிக் குழாயில் மோதவிடுகிறது. வாட்டர் ஹாமர்! முதல் நாளே மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதேதான்.

ரேடியேட்டரைத் தூக்கக் கடப்பாரைக்கு எங்கே போக? பலகையால் நெம்பி, வால்வுக்கு எதிர்க்கோடியில் இருக்கும் இரண்டு கால்களுக்கும் அடியில், பர்ஸில் கிடந்த பழைய தடித்த அஞ்சு ரூபாய்க் காசுகளைச் சொருகினேன். அன்றிரவு ஆவி அடங்கிவிட்டது. இப்போது கட்டடத்துக்கே நான்தான் மந்திரவாதி.

10 கிலோ அழுத்தத்துப் பாய்லரைக் கட்டி மேய்த்தவனுக்கு இங்கே கேஜைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 2 பிஎஸ்ஐ தாண்டினாலே அதிகம்! 1900களில் புழக்கத்துக்கு வந்த ‘வேப்பர்’ முறை இன்னும் சாது. அழுத்தத்தை அவுன்ஸில் அளப்பார்கள், 16 அவுன்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அத்தையின் இட்லிக் குண்டானில் மூடி படபடக்குமே, ஏறக்குறைய அவ்வளவுதான். வேப்பர் முறையில் வால்வைக் கால்வாசி திறந்தால் கால்வாசிச் சூடு. எங்கள் ஒற்றைக் குழாயில் முழுசாகத் திற, இல்லாவிட்டால் முழுசாக மூடு.

இந்த ஆவிப் பைத்தியம் பழசு. 1784லேயே ஜேம்ஸ் வாட் தன் அறையை ஆவியால் சூடாக்கிப் பார்த்திருக்கிறார். 1877இல் இதே மாநிலத்து லாக்போர்ட்டில் பேர்ட்சில் ஹாலி என்பவர் ஒரே பாய்லரிலிருந்து பல வீடுகளுக்கு ஆவி அனுப்பினார். 1882இல் நியூயார்க்கிலும் தெருவுக்கு அடியில் குழாய் போட்டார்கள். இன்றும் ஓடுகிறது, கரண்டு பில் மாதிரி ஆவிக்கும் பில்! நான் வேலைக்குப் போகிற வழியில், நடுரோட்டில் ஆரஞ்சு வெள்ளைப் பட்டை போட்ட குழல் குபுகுபுவென்று ஆவி விடும். கை தன்னால் பாய்லரின் ப்ளோ டவுன் வால்வைத் தேடுகிறது.

வெளியே மைனஸ் பத்து, உள்ளே நம்மூர் கத்திரி வெயில். 1918 விஷக்காய்ச்சலுக்குப் பிறகு, பனியிலும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பெரிய பெரிய ரேடியேட்டராக மாட்டினார்களாம். நான் பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பனி கொட்டுவதைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன்.

ஒரு உதவி மாமா. யாராவது இந்தப் பக்கம் வந்தால் அஞ்சு ரூபாய்க் காசு ஒரு இருபது கொடுத்தனுப்புங்கள். மேல்மாடி அம்மா, எதிர்வீட்டுப் பெரியவர் எல்லாரும் கேட்கிறார்கள். பழைய தடித்த காசாகப் பார்த்து எடுங்கள். புதுசு மெலிசு, உதவாது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்