போனில் மனம் திறக்கலாமா?

கேள்வி: ஷூ கம்பெனியில் மெஷினில் தைக்கிறேன். தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. ஆன்லைன் கவுன்சலிங்கை நம்பலாமா? வீட்டில் தனியறை கிடையாது.
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: நம்பலாம் சகோதரி, ஏற்றுமதிக்குப் போகும் ஷூவைச் சோதிப்பதுபோல ஆளையும் சோதித்துவிட்டு! கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்குகிறவரிடம் நீங்களும் எதையும் சொல்ல வேண்டாம். 'மூன்றே நாளில் குணம்' என்பவர் பக்கமே போகாதீர்கள்.

காசு கட்டுமுன் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், இரவு ஷிப்ட் முடிந்தும் பேசலாம், அதுவும் தமிழிலேயே. பட்டன் போன் போதும். தனியறை இல்லையா? மொட்டை மாடிக்குப் போங்கள். அதுவும் இல்லையென்றால், 'பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாதக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருந்தும் தேவைப்படலாம். அதை எழுத வேண்டியவர் மனநல மருத்துவர், கவுன்சலர் அல்லர். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே 14416.